இரண்டு மாப்பிள்ளை, எண்பது பேலட்

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று காலை ஏழு மணிக்கு லைனை ஓட்டினால், வண்டிகள் இரண்டும் நகரவே இல்லை. ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் வண்டிகள் அவை. முழங்கால் உயரம், கட்டில் அகலம். கழுத்தில் சாமந்தி மாலையோடு அசையாமல் நின்றன. மின்பிரிவுக்காரர் பேட்டரியைப் பார்த்தார். நான் மாடியில் என் கண்ணாடி அறையில் உட்கார்ந்து மென்பொருளைக் குடைந்தேன். நாற்பது நிமிடம் போயே போச்சு.

கடைசியில் லோடிங் பிரிவு ருக்குமணி அக்கா குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். வண்டியின் முகப்பில் வழி பார்க்கும் கண் ஒன்று உண்டு. அதன்மேல் கட்டைவிரல் அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். எதிரே சுவர் இருக்கிறது என்று நினைத்து வண்டி நின்றிருக்கிறது.

"யாருங்க்கா இங்க போய்ப் பொட்டு வெச்சது?"

"நாந்தானுங்க மேடம். நெத்தின்னு நெனச்சுட்டேனுங்க."

துடைத்ததும் ஓடின. லோடிங் பெண்கள் இவற்றுக்குப் பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்த இடத்திலேயே நின்றுகொள்ளும், கூப்பிட்டால்தான் அசையும், தூக்கி வைத்தால்தான் சுமக்கும் என்பது காரணம்.

சிரிப்பெல்லாம் மதியத்தோடு சரி. மூன்று மணிக் கூட்டத்தில் ஆலை மேலாளர் திருமூர்த்தி சார் குண்டைத் தூக்கிப் போட்டார். ஒரு ஷிஃப்ட்டுக்கு அறுபத்து நான்கு கியர்பாக்ஸ் உறைதான் வருகிறது. வாடிக்கையாளர் எண்பது கேட்கிறார். ஆகவே மூன்றாவது வண்டி வாங்கப்போகிறார்கள். அது ஓடவும் சார்ஜ் ஏற்றவும் இடம் வேண்டும். அதற்குப் பெண்கள் ஓய்வறையின் சுவரை இடிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ஏற்கெனவே வந்து சுவரில் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இனி பெண்களுக்கு கேன்டீனுக்குப் பின்னால் இடமாம். பத்து நிமிட இடைவேளையில் போய்வரவே எட்டு நிமிடம் ஆகும்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்து, "மூணாவது வேண்டாம் சார். ரெண்டே போதும். வேலை வரிசையை மாத்தினா எண்பது வரும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா வாணி, பதினேழாந் தேதி கஸ்டமர் ஆள் வர்றாரு. அவரு கண்ணு முன்னாடி ஒரே ஷிஃப்ட்டுல எண்பது காட்டு. செவுரு நிக்கும். காட்டலீன்னா பதினெட்டாந் தேதி காலைல ஒடைக்க ஆள் வந்துரும். சரியா?"

"சரிங்க சார்."

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். நான் அந்த அறைக்காகப் பேசவில்லை. பத்து வருடமாக வேலை வரிசை போடுபவள் நான். இரண்டு வண்டி போதாது என்பது என் கணக்கைக் குறை சொல்வது, அதற்காகத்தான் பேசினேன். ஆனால் வெளியே வந்தால் கதவருகே பெண்கள் நின்றிருந்தார்கள். கழுவும் பிரிவு ஷகிலா, குழந்தை பிறந்தபின் போன மாதம்தான் வேலைக்குத் திரும்பியவள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நமக்காவ நின்னீங்களே மேடம்" என்றாள்.

நான் சிரித்துவைத்தேன்.

அக்டோபர் 4, சனி

காலைச் சிற்றுண்டியில் கதிருக்குப் பாடம் எடுத்தேன். கட்டிக்கொண்ட பாவத்துக்குக் கேட்டுக்கொண்டார். தட்டில் நான்கு இட்லி, நான்கு இயந்திரம். இரண்டு டம்ளர், இரண்டு வண்டி. சட்னிக் கிண்ணம் லோடிங். ஓர் உறை மூன்று பயணம் போக வேண்டும். இரும்புத் தட்டான பேலட்டில் இறுக்கி, லோடிங்கிலிருந்து இயந்திரத்துக்கு. கடைந்து முடிந்ததும் இயந்திரத்திலிருந்து கழுவுமிடத்துக்கு. கழுவியதும் அங்கிருந்து பரிசோதனை மேசைக்கு. மேசையில் ஸ்கேன் செய்தால் என் திரையில் ஒன்று கூடும்.

"இதுல ரகசியம் என்னன்னா, எந்த மெஷினும் சும்மா நிக்கக் கூடாது. அதுதான் வரிசையோட உயிரு" என்றேன்.

நான் பேசி முடிப்பதற்குள் இரண்டாவது இயந்திரத்தைச் சாப்பிட்டுவிட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாவு அரைத்தேன். வீட்டை ஒட்டடை அடித்தேன், தீபாவளிக்கு இன்னும் பதினைந்தே நாள். கதிரோடு சண்டை. ஈரத்துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர், கொடியில் காய்ந்து கிடந்ததை எடுக்காமல் கையை வீசிக்கொண்டு இறங்கி வருகிறார். "போற போக்குல ஒண்ணக் குடுத்துட்டு வர்ற போக்குல ஒண்ண எடுத்துட்டு வர மாட்டீங்களா? ஒரு நடைக்கு ரெண்டு நடை!" என்று கத்தினேன். திரும்ப ஏறி எடுத்து வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஆம்பளைகளுக்கு இது எப்போதுதான் புரியுமோ.

மாலை முழுக்கப் புது வரிசை எழுதினேன். சின்ன வேலைகள் முதலில், பெரியவை பின்னால். அழகாக வந்திருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

64.

அக்டோபர் 8, புதன்

வரிசையைத் தலைகீழாக்கினேன். பெரியவை முதலில். அதே 64. திரையை உடைக்கலாம் போல இருந்தது.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து இறங்கினேன். ருக்குமணி அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "எத்தனைங்க மேடம் வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "எண்பதுக்கு இன்னும் பதினாறுங்களா" என்றார். பக்கத்தில் நின்ற ஷகிலாவைப் பார்த்தார்.

அக்டோபர் 9, வியாழன்

68! அறுபத்தெட்டு!

நேற்று மாலை ஒரு சின்ன மாற்றம்தான் செய்தேன். இயந்திரம் மூன்றின் வேலைகளை இரண்டோடு மாற்றிப் போட்டேன். அதற்கே நான்கு கூடியிருக்கிறது. நூல் முனை கிடைத்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

71.

கால் தரையில் நிற்கவில்லை. திருமூர்த்தி சார் தானாகவே மாடியேறி வந்து திரையைப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்தால் மற்றவர்கள் மாலை போட்டதற்குச் சமம்.

இன்னொரு அதிசயம். இவ்வளவு கூடுதலாக உழைத்தும் வண்டிகளின் பேட்டரி ஷிஃப்ட் முடிவில் அதே முப்பத்தெட்டு சதவீதத்தில் நிற்கிறது. குறையவே இல்லை. திட்டம் நன்றாக இருந்தால் வண்டிக்குக்கூட அலுப்பில்லை என்று மின்பிரிவுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

போகும்போது ருக்குமணி அக்காவிடம் தைல வாசனை. "தோளு பிடிச்சுக்கிச்சுங்க, படுத்த வாக்கு சரியில்லை" என்றார்.

அக்டோபர் 11, சனி

75. ஒரு நாளைக்கு நான்கு! செவ்வாய்க்குள் எண்பதைத் தாண்டிவிடுவேன். பதினேழாம் தேதிவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த பழைய தள்ளு ட்ராலியின் சக்கரத்துக்கு யாரோ கிரீஸ் போட்டிருக்கிறார்கள். கீச்சென்ற சத்தமே இல்லை. தீபாவளிச் சுத்தம் இங்கேயும் தொடங்கிவிட்டது போலும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒப்பணக்கார வீதியில் கூட்டமோ கூட்டம். கதிருக்கு நீலச் சட்டை, எனக்கு இலைப்பச்சைப் புடவை. பதினேழாம் தேதியே கட்டிக்கொள்வேன், தீபாவளி வரை பொறுக்க முடியாது.

அக்டோபர் 13, திங்கள்

78!!

இரண்டே இரண்டு பாக்கி. திருமூர்த்தி சார் அங்கேயே நின்றபடி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார், "எங்கள் பொறியாளர் கோகிலவாணியின் திட்டம்" என்று என் பெயரைப் போட்டு. பத்து வருடத்தில் முதல் முறை. அரை கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தேன். ருக்குமணி அக்கா இடக்கையால் வாங்கவே கூடாது என்பவர், இன்று இடக்கையை நீட்டினார். "மன்னிச்சுக்கோங்க மேடம், சோத்துக்கை மேல தூக்க வரலீங்க."

நல்ல மருத்துவராகப் பார்க்கச் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இதை எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

வாடிக்கையாளருக்குக் காட்ட ஓர் அட்டவணை தயாரிக்கலாம் என்று காலை பத்து மணிக்கு வண்டிகளின் பயணப் பதிவைத் திறந்தேன். என் திட்டத்தால் பயணங்கள் எப்படிக் கூடின என்று படம் போட்டுக் காட்டும் ஆசை. அறுபத்து நான்கு உறை வந்த நாளில் இரண்டு வண்டியும் சேர்ந்து 192 பயணம். சரி, அறுபத்து நான்கு பெருக்கல் மூன்று. எழுபத்தெட்டு வந்த நாளில் 234 இருக்க வேண்டும்.

192.

திரையைத் துடைத்துப் பார்த்தேன். வியாழன், வெள்ளி, சனி, திங்கள். எல்லா நாளும் 192. நான் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் வண்டிகள் ஒரு பயணம்கூடக் கூடுதலாக ஓடவில்லை. பேட்டரி குறையாததில் என்ன அதிசயம்! நாற்பத்திரண்டு பேலட் பறந்து போயிருக்க வேண்டும்.

படியிறங்கி ஓடினேன். கழுவுமிடம் ஒரு தூணுக்குப் பின்னால், என் கண்ணாடி அறையிலிருந்து தெரியாது. அங்கே ருக்குமணி அக்கா ட்ராலியை இழுக்கிறார், ஷகிலா பின்னாலிருந்து தள்ளுகிறாள். ஆள் நடக்கவே கூடாத மஞ்சள் கோட்டுக்குள், பேலட்டோடு சேர்த்து முப்பது கிலோ. வண்டி வருவதற்குள் பரிசோதனை மேசையில் வைத்து ஸ்கேன் செய்துவிட்டால், அந்தப் பயணம் தானாக ரத்தாகிவிடும்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வண்டி இடித்தால் என்ன ஆகும், யாரைக் கேட்டுச் செய்தீர்கள், என் பெயரில் பொய் போயிருக்கிறதே, எல்லாம் கலந்து வந்தது.

ருக்குமணி அக்கா ட்ராலியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எங்களுக்கோசரம் நீங்க பெரியவரு முன்னாடி நின்னீங்க. உங்களுக்கோசரம் நாங்க நிக்கக் கூடாதுங்களா?"

"எத்தனை தூக்குனீங்க?"

"வியாழக்கெழமை பன்னெண்டு. வெள்ளி இருவத்தொண்ணு. சனி முப்பத்திமூணு. நேத்து நாப்பத்திரண்டுங்க. இன்னிக்கு இதோட ஏழு." யோசிக்காமல் சொன்னார். "எழுதி வெச்சிருக்கறோமுங்க. பொய் சொல்லோணும்னு பண்ணலீங்க."

நான் உங்களுக்காக நிற்கவில்லை அக்கா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாறாக, "மூணு பயணம் இருக்கு. ஏன் இந்த ஒண்ணை மட்டும் தூக்குனீங்க?" என்று கேட்டேன்.

ஷகிலாதான் பதில் சொன்னாள். "பாக்க வயித்தெரிச்சலா இருக்குங்க மேடம். இங்கிருந்து மேசைக்குப் பன்னெண்டு எட்டு வெச்சாப் போதும். இதைத் தூக்கறதுக்கு மாப்பிள்ளை அந்தக் கடைசி மெஷின்ல இருந்து அறுபது எட்டு சும்மா வர்றாரு. இப்பத்தான் இங்க ஒண்ணை எறக்கிட்டுப் போனாரு. கழுவுனது பக்கத்துலயே இருக்குது. அதை எடுத்துட்டுப் போனா ஆகாதா? கையை வீசிட்டுப் போறாரு, கையை வீசிட்டுத் திரும்ப வர்றாரு."

கையை வீசிக்கொண்டு.

மொட்டை மாடி. ஈரத்துணி. ஒரு நடைக்கு இரண்டு நடை. கதிரிடம் தொண்டை கிழியக் கத்தியவள் நான்தானே! ஒன்பது நாள் இந்த நாட்குறிப்பிலேயே கிடந்திருக்கிறது.

நான் சுமைப் பயணத்தை மட்டும் எண்ணியிருக்கிறேன். வெறும் வண்டி ஓடும் நேரம் என் கணக்கிலேயே இல்லை. இயந்திரம் ஒரு நிமிடம் சும்மா நின்றால் துடித்த எனக்கு, வண்டி பாதி நாள் சும்மா ஓடியது தெரியவில்லை. வேலைகளுக்கு ஒரு வரிசை போட்டுவிட்டு, வண்டிகளைப் பின்னால் வரும் வேலைக்காரர்களாக நினைத்துவிட்டேன். இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்துப் போட வேண்டும்!

ஷகிலாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். சற்று முன்தான் திட்டியவள். அவள் பயந்துபோனாள்.

பிறகு திருமூர்த்தி சார் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், பெண்கள் பெயரைத் தவிர.

"எழுபத்தெட்டுன்னு அனுப்பிட்டேனே வாணி."

"இன்னொண்ணு அனுப்பிடலாங்க சார். அறுபத்து நாலுதான்னு. நானே எழுதறேன்."

"அனுப்பு. ஆனா பேச்சு மாறாது. வெள்ளிக்கெழமை எண்பது. ஒருத்தரும் கையில தொடக் கூடாது. ஒரே ஒரு பேலட்டைக் கையால நகத்துனாலும் அன்னிக்கே செவுரு போயிரும்."

அனுப்பிவிட்டேன். இன்றைய கணக்கு 66, அதில் கையால் போனது ஏழு.

அக்டோபர் 15, புதன்

59. ஆமாம், ஐம்பத்தொன்பது. சிரிக்க வேண்டாம்.

திட்டம் இதுதான். வண்டி ஒருபோதும் வெறுமனே திரும்பக் கூடாது. லோடிங்கிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் இயந்திரத்தில் கொடு, அங்கே முடிந்ததை எடு. கழுவுமிடத்தில் அதை இறக்கு, கழுவியதை ஏற்று. மேசையில் வை. மேசைக்குப் பக்கத்திலேயே லோடிங். மறுபடி தொடங்கு. எழுதியதும் எனக்கே புல்லரித்தது.

ஆனால் இரண்டாம் இயந்திரத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பாதை குறுகல். பெரிய மாப்பிள்ளை அந்தப் பக்கமிருந்தும் சின்ன மாப்பிள்ளை இந்தப் பக்கமிருந்தும் வந்து மூக்கோடு மூக்கு உரசி நின்றன. நீ விலகு, நீ விலகு. பதினேழு நிமிடம். ஒரே நாளில் மூன்று முறை.

"கல்யாணத்துல சம்பந்திக ரெண்டு பேரும் யாரு மொதல்ல பேசறதுன்னு நிப்பாங்க பாருங்க, அப்படியே இருக்குதுங்க" என்றார் ருக்குமணி அக்கா. அழ வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன்.

மாலையில் எல்லாப் பயணத்தையும் ஒரே திசையில் மாற்றினேன், கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல. யாரும் எதிரே வர முடியாது. மேசையிலேயே வரைந்து பார்த்தேன். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். எட்டு மணி நேரத்தில் நாற்பது சுற்று. இரண்டு வண்டி.

எண்பது. சரியாக எண்பது! நாற்காலியிலிருந்து குதித்ததில் முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டது.

இதற்கு இயந்திரங்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் இருபத்து நான்கு நிமிடத்துக்கு ஒருமுறைதான் வண்டி வந்து பார்க்கும். சின்ன வேலை பதினான்கு நிமிடத்தில் முடிந்தால், மிச்சம் பத்து நிமிடம் இயந்திரம் சும்மா நிற்கும். நிற்கட்டும். பத்து வருடமாக நான் கும்பிட்ட சாமியை இன்று மாலை ஐந்தரைக்குக் கீழே இறக்கி வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

77. கை படாத எழுபத்தேழு! பதிவைத் திறந்து ஒவ்வொரு பயணமாக எண்ணினேன். 231. ஒன்றுகூடக் குறையவில்லை.

இரண்டு இடங்களில் வண்டி திரும்பும் வளைவைச் சீராக்கினேன். ஒரு சுற்று இப்போது பதினொன்றே முக்கால் நிமிடத்துக்குச் சற்றே மேல். நாள் முழுக்கச் சேர்த்தால் ஆறு நிமிடம் மிச்சம். நாளைக்கு என்னிடம் இருக்கும் சொத்து அந்த ஆறு நிமிடம்தான்.

முறுக்கு மாவு பிசைந்து வைத்தேன். கதிர் பிழிந்தார். பிழிந்த தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலித் தட்டைக் கையோடு எடுத்துப் போனார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 17, வெள்ளி

இலைப்பச்சைப் புடவை. ஆறே முக்காலுக்கு ஆலையில் இருந்தேன். ஓய்வறைச் சுவரின் சிவப்புப் பெருக்கல் குறி எதிரிலேயே இருந்தது. முந்தைய ஷிஃப்ட் விட்டுப்போன வேலைகள் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்குத் திரை பூஜ்யத்துக்கு வந்தது.

இன்று மாடிக்குப் போகவில்லை. கீழேயே நின்றேன்.

வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தேஷ்பாண்டே என்பவர் வந்தார். நல்ல மனிதர், கையில் கேமரா. அதுதான் வினை. பதினொரு மணிக்குச் சரியாக நாற்பது. சந்தோஷத்தில் நான் தரையில் இல்லை. பதினொன்று இருபதுக்கு மனிதர் படம் எடுக்க மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றார். பெரிய மாப்பிள்ளை வந்தது, பார்த்தது, நின்றது. பீப் பீப் என்றது. அவர் இன்னும் குனிந்து அதன் முகத்தைப் படம் எடுத்தார். என் ஆறு நிமிடத்தில் ஒன்று போயிற்று. விருந்தாளியிடம் யார் சொல்வது? திருமூர்த்தி சாரே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

லோடிங்கிலிருந்து கணீரென்று ஒரு குரல். "சார்! மாப்பிள்ளைக்கு வழி விடுங்கோ!"

தேஷ்பாண்டே திரும்பிப் பார்த்தார். திருமூர்த்தி சார் அவருக்கு ஹிந்தியில் விளக்கினார். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வண்டிக்கு முன்னால் கையை நீட்டி வணங்கி ஒதுங்கினார். ஆனால் பழக்கம் விடவில்லை. மதியத்துக்குள் இன்னும் மூன்று முறை உள்ளே போனார். ஆக மொத்தம் நான்கு நிமிடம் போனது.

ருக்குமணி அக்காவும் ஷகிலாவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார்கள். பழைய ட்ராலியை அவர்களே ஓய்வறைக்குள் தள்ளி, சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு நாற்பத்தைந்துக்கு 78. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு 79.

எண்பதாவது பேலட் கழுவி முடிந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட மேடையில் வந்து நின்றது. இரண்டு ஐம்பத்து நான்கு. பெரிய மாப்பிள்ளை வர வேண்டும். வரவில்லை. தூணைத் தாண்டி எட்டிப் பார்த்தால், நான்காம் இயந்திரத்தருகே தேஷ்பாண்டே மறுபடி கோட்டுக்குள். திருமூர்த்தி சார் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறார். பீப் பீப்.

இரண்டு ஐம்பத்தைந்து.

மேசை பன்னிரண்டு எட்டில் இருக்கிறது. எல்லாருடைய கண்ணும் அந்தப் பக்கம். தூணுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர்தான்.

என் கை பேலட்டின் மேல் இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. புது முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறேன், விரல் விளிம்பைப் பிடித்திருக்கிறது, ஈரம் சில்லென்று இருக்கிறது.

"கையெ எடுங்க மேடம்."

ருக்குமணி அக்கா. குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, நேரம்…"

"எடுங்க. அவன் வருவானுங்க. இந்தத் தடவை சும்மா வரலீங்க, சுமந்துட்டு வர்றான். எறக்கிட்டு இதை எடுத்துக்குவான். நீங்க போட்ட வரிசைதானுங்களே, நீங்களே நம்பலீன்னா எப்படி?"

எடுத்தேன். மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்போல.

வந்தது. இரண்டு ஐம்பத்தேழு. அழுக்குப் பேலட்டை இறக்கியது. கொஞ்சமும் அவசரப்படவில்லை, பாவி. கழுவியதை ஏற்றியது. திரும்பியது. பன்னிரண்டு எட்டுத் தூரத்தை அத்தனை நிதானமாக யாரும் கடந்து நான் பார்த்ததில்லை. மேசை. ஸ்கேன்.

80. கடிகாரம் 2:59.

லோடிங் பக்கமிருந்து எழுந்த சத்தத்தில் தேஷ்பாண்டே கேமராவைக் கீழே விடப் பார்த்தார். யாரோ விசிலடித்தார்கள். திருமூர்த்தி சார் விசிலடிப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அழுதேன், சொல்வதற்கென்ன. பயணப் பதிவைத் திறந்து தேஷ்பாண்டேவிடமே கொடுத்தேன். 240. ஐம்பத்தொன்பது வந்த நாளையும் மறைக்காமல் காட்டினேன். "சனிக்கெழமை ஒடைக்கற ஆளை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார் திருமூர்த்தி சார், போனைப் பையில் போட்டபடி.

ட்ராலிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் ஓய்வறைக்குள் நுழைந்தேன். ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மரப் பெஞ்சு, ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டிய கண்ணாடி. மூலையில் ஷகிலா குழந்தைக்குப் பால் எடுத்துவைக்கக் கட்டிய பூப்போட்ட திரை. வாசலிலேயே தயங்கி நின்றேன்.

"வாங்க மேடம், உக்காருங்க. பத்து வருசத்துல இன்னிக்குத்தான மொதல் தடவை வர்றீங்க" என்றார் ருக்குமணி அக்கா.

இனியும் விழுங்கிக்கொள்ள முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு நான் இந்த ரூமுக்காகப் பேசலை. என் கணக்குக்காகத்தான் பேசினேன்."

"அது எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார், டீயை ஊற்றிக்கொண்டே. "எதுக்காவப் பேசுனா என்னுங்க. எங்க செவுத்துக்காவ ஒருத்தரு எந்திரிச்சாங்க. அது போதுமுங்க."

பிறகு கதவைச் சாத்தினார். கதவுக்குப் பின்னால், வெளியே சிவப்புக் குறி இருக்கும் அதே சுவரின் உட்பக்கம், சாக்பீஸ் எழுத்து வரிசையாக இருந்தது.

9 – கை 12
10 – கை 21
11 – கை 33
13 – கை 42
14 – கை 7
15 – கை 0
16 – கை 0
17 –

அக்கா சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"நான் தொட்டேனேக்கா" என்றேன்.

"தொட்டீங்க. தூக்கலீங்களே. எழுதுங்க."

எழுதினேன். பூஜ்யம் கொஞ்சம் கோணலாக வந்தது. ஷகிலா அதைச் சரியாக்கக் கை நீட்டினாள். ருக்குமணி அக்கா அவள் கையைத் தட்டிவிட்டார்.